எடிட்டிங் சாஃப்ட்வேர் வாங்கும் முன் நாம் சறுக்கும் இடங்கள்

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் ஒரு பிப்ரவரி காலை. மஞ்சள் மூக்கு நாரைகள் கூட்டுக்குச் சுள்ளி கொண்டுவரும் நேரம். கேமராவின் பின்திரையில் பார்த்தபோது ஆளை அசத்திய படம், வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் புதிதாக இறக்கியிருந்த இலவச சாஃப்ட்வேரில் திறந்ததும் சோடை போய்க் கிடந்தது. வெள்ளைச் சிறகு சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. வாலருகே இருக்கும் அந்த ரோஜா நிறத்தைத் தேட வேண்டியிருந்தது. காசு கொடுக்காமல் கிடைப்பது இவ்வளவுதான் என்று முடிவுகட்டி, அன்று ராத்திரியே தள்ளுபடியில் வந்த ஒரு சாஃப்ட்வேரை வாங்கினேன்.

வாங்கியதற்கும் அந்தப் படத்தின் சோகைக்கும் சம்பந்தமே இல்லை என்பது புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. புதிதாக ரா ஃபைலில் எடுக்கத் தொடங்குகிறவர்கள் அதிகம் விழுகிற குழி இதுதான். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரா ஃபைலில் எடுத்தாலும் கேமராவின் பின்திரை காட்டுவது ஒரு ஜேபெக் படத்தைத்தான். கான்ட்ராஸ்ட், நிறத்தின் அடர்த்தி, கூர்மை எல்லாம் கேமரா தானே போட்டுக் காட்டுகிற ஒப்பனை அது. ரா ஃபைலில் அந்த ஒப்பனை கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த வெளிச்சத்தின் அளவு மட்டும் இருக்கும். 14 பிட் ரா ஃபைல் என்றால் இருளிலிருந்து வெளிச்சம் வரை 16,384 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்தக் கூடுதல் படிகளுக்காகத்தான் நாம் ரா எடுக்கிறோம். லைட்ரூம் மாதிரியான கட்டண சாஃப்ட்வேர்கள் படத்தைத் திறந்தவுடன் தங்கள் கைப்பக்குவத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்தே காட்டும். டார்க்டேபிள் போன்ற இலவச சாஃப்ட்வேர்கள் அதில் அடக்கி வாசிக்கும். நாரையின் சிறகும் ரோஜா நிறமும் அந்த மங்கலான படத்துக்குள்ளேயே இருந்தன. எனக்குத்தான் அவற்றை வெளியே கொண்டுவரத் தெரியவில்லை. திறந்தவுடன் எது பளிச்சென்று தெரிகிறதோ அதுவே நல்ல சாஃப்ட்வேர் என்று ஒப்பிடுவது, அரிசியையும் சோற்றையும் பக்கத்தில் வைத்து எது ருசி என்று கேட்பது போல.

கேமராவில் பார்த்த அதே நிறம்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. நிக்கான்காரர்களுக்கு 2021-ல் வந்த என்எக்ஸ் ஸ்டுடியோ, கேனானுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றும் இலவசம். கேமராவில் வைத்த பிக்சர் ஸ்டைல், அதாவது அந்த ஒப்பனை, அப்படியே இதில் வந்துவிடும். ஃபியூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டுடியோ இன்னும் விசித்திரம். கேமராவை யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் கேமராவுக்குள் இருக்கும் பிராசஸரே ரா ஃபைலை மாற்றித் தரும், கம்ப்யூட்டர் சும்மா வேடிக்கை பார்க்கும். வேகத்திலும் வசதியிலும் இவை எல்லாம் கொஞ்சம் மந்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேமரா விலையோடு சேர்த்து நாம் காசு கொடுத்துவிட்ட ஒரு பொருளைத் திறந்தே பார்க்காமல் இன்னொன்றுக்குக் காசு கொடுப்பது அநியாயம்.

நான் வாங்கிய கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். அதில் ஏஐ கொண்டு நாய்ஸ் எனும் புள்ளிப் பொரிகளை நீக்கும் வசதி இருந்தது, அதற்காகவே வாங்கினேன். என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பொத்தானை அழுத்தினேன். ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்தது. குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அந்த ஒரு படம் முடியவில்லை. இந்த வகை வேலைகளுக்கு ரேமைவிட கிராஃபிக்ஸ் கார்டுதான் முக்கியம் என்பது அவர்கள் தளத்திலேயே எழுதியிருந்தது. படிக்காதது என் தப்பு. சாஃப்ட்வேரின் விலையைப் பார்ப்பதற்கு முன் அது கேட்கும் கம்ப்யூட்டரின் விலையைப் பாருங்கள்.

அடுத்தது, வேலை வேறு கருவி வேறு என்ற குழப்பம். ‘ஃபோட்டோஷாப்புக்கு இலவச மாற்று’ என்று தேடினால் முதலில் வருவது கிம்ப். 1990-களின் நடுவில் பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கியது, இன்றும் இலவசம். 2025 மார்ச்சில் வந்த 3.0-க்குப் பிறகு நன்றாகவே முன்னேறியிருக்கிறது. அதை இறக்கி, ரா ஃபைலை இழுத்துப் போட்டால் நேரடியாகத் திறக்காது. ரா ஃபைலைத் திறக்கத் தெரிந்த டார்க்டேபிளோ ரா தெரப்பியோ பக்கத்தில் இருந்தால் அதன் கையில் கொடுத்து வாங்கிக்கொள்ளும். இது கிம்பின் குறை இல்லை. கிம்ப், ஃபோட்டோஷாப், அஃபினிட்டி எல்லாம் ஒரே படத்தை எடுத்துவைத்து நோண்டுவதற்கானவை: முகத்தில் இருக்கும் பருவை எடுப்பது, கோபுரத்துக்குக் குறுக்கே போகும் கரண்ட் கம்பியை அழிப்பது, இரண்டு படங்களை ஒட்டுவது. லைட்ரூம், டார்க்டேபிள் எல்லாம் படங்களின் கூட்டத்தைக் கையாள்வதற்கானவை.

பறவை எடுக்கிறவன் ஒரு காலையில் 500 படம் சாதாரணமாகத் தட்டிவிடுவான். அதில் 460 குப்பை. இறக்கை வெட்டுப்பட்டது, கண் ஃபோகஸில் இல்லாதது, நாரையே இல்லாமல் வெறும் கிளை. அவற்றைக் கழித்துத் தள்ளுவதில்தான் நேரம் போகும், ஸ்லைடரை நகர்த்துவதில் இல்லை. எனவே நான் எந்த சாஃப்ட்வேரைச் சோதித்தாலும் முதலில் பார்ப்பது, அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த படம் எத்தனை விநாடியில் முழுக் கூர்மையோடு வருகிறது என்பதுதான். மாறாக, மாதத்துக்கு நாலு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஃபோனில் ஸ்னாப்சீட் ஆப் போதும். இலவசம், விளம்பரமும் கிடையாது.

இனி பணம். லைட்ரூம் மாதிரியானவற்றின் சந்தா மாதம் 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 48,000. அந்தப் பணத்தில் ஒரு 50 எம்எம் 1.8 லென்ஸும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி மிச்சமும் பார்க்கலாம். சந்தாவே கெட்டது என்று சொல்லவில்லை. வாராவாரம் எடுக்கிறவருக்கு லைட்ரூமின் வேகம் கொடுத்த காசுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் நம்மில் பலர் சீசனுக்குச் சீசன் எடுக்கிறவர்கள். வலசைப் பறவை வந்தால் கேமரா வெளியே வரும், போனால் பீரோவுக்குள் போகும். சந்தாவுக்கு அந்த விடுமுறை கிடையாது.

அதிலும் ‘வருடச் சந்தா, மாதா மாதம் கட்டலாம்’ என்ற வகையைக் கவனமாகப் பாருங்கள். மாதச் சந்தா மாதிரியே தெரியும். நடுவில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்கான தொகையில் ஒரு பங்கை அபராதமாகக் கேட்பார்கள். இந்த அபராதத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றம்சாட்டி, அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூனில் லைட்ரூம், ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி மீது வழக்கே போட்டது. ‘ஒருமுறை கட்டினால் போதும்’ என்பதையும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் 2025 பதிப்பு சந்தா இல்லாததுதான், ஆனால் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு மட்டும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது முதல் பாதி, பொடி எழுத்தில் இருப்பது இரண்டாம் பாதி.

இலவசம் என்பதற்கும் காலக்கெடு உண்டு. நிக் கலெக்‌ஷன் என்று ஃபோட்டோ எஃபெக்ட்களின் ஒரு தொகுப்பு. 2012-ல் கூகுள் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கி, 149 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்ததை 2016-ல் இலவசமாக்கியது. உலகமே இறக்கிக்கொண்டது. அடுத்த வருஷமே டிஎக்ஸ்ஓ நிறுவனத்துக்குக் கைமாறி, 2018-ல் மறுபடியும் விலைக்கு வந்துவிட்டது. இப்போது அஃபினிட்டி இலவசம். 2024-ல் டிசைன் தளமான கான்வா அதை வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. கான்வா கணக்கு தொடங்க வேண்டும், ஏஐ வசதிகளுக்கு மட்டும் கட்டணம். தாராளமாகப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். பத்து வருஷ உழைப்பை அதை நம்பி மட்டும் வைக்காதீர்கள். டார்க்டேபிள், ரா தெரப்பி, கிம்ப் ஆகியவற்றின் மூல நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வெளியே இருப்பதால் ஒரு முதலாளி மனம் மாறி அவற்றைப் பூட்ட முடியாது.

கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி பற்றி இரண்டே வரி. அதை நிறுவ முதல் படியே ‘ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்’ என்பதாக இருக்கும். வங்கிக் கணக்கு திறக்கிற அதே லேப்டாப்பில் அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

நான் அதிகம் வற்புறுத்த நினைப்பது வேறு ஒன்று. வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி: நான் செய்த எடிட் எங்கே உட்கார்ந்திருக்கிறது? ரா ஃபைலில் நாம் செய்யும் எந்த மாற்றமும் அந்த ஃபைலுக்குள் போவதில்லை. ‘எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்று, இடது ஓரத்தை வெட்டு’ என்ற குறிப்பாக வேறெங்கோ எழுதப்படுகிறது. லைட்ரூம் கிளாசிக்கில் அது கேட்டலாக் என்ற ஒரே ஃபைலுக்குள் போகும். அந்த ஒரு ஃபைல் போனால் எடிட் மொத்தமும் போச்சு. டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற குட்டி ஃபைலை எழுதி வைக்கும். லைட்ரூமிலும் இதே போல் எழுதச் சொல்லலாம், செட்டிங்ஸில் ஒரு டிக், அவ்வளவுதான். ஆனால் வாங்கியபடியே விட்டால் அது அணைந்திருக்கும்.

அந்த எக்ஸ்எம்பி ஃபைல் ஒன்றை நோட்பேடில் திறந்து பாருங்கள். பயமுறுத்தும் குறியீடுகளுக்கு நடுவே நீங்கள் கொடுத்த நட்சத்திரம், நீங்கள் எழுதிய ‘கூந்தன்குளம்’ என்ற குறிச்சொல், எல்லாம் சாதாரண எழுத்தில் கிடக்கும். சாஃப்ட்வேர் மாறினால் பெரும்பாலும் கூட வருவது இவைதான். ஸ்லைடர் வேலை அப்படியே வராது, ஏனென்றால் ஒருவருடைய ‘ஹைலைட்’ இன்னொருவருடைய ‘ஹைலைட்’ இல்லை. லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். எடிட் செய்யும் பகுதி பூட்டிக்கொள்ளும். வெளியேறும் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

யூடியூப் விமர்சனங்களைப் பார்க்கும்போது வீடியோவுக்குக் கீழே கூப்பன் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவர்கள் காட்டும் மாதிரிப் படங்கள் பனிமலையும் வெள்ளைக்காரப் பெண்ணுமாக இருக்கும். அவற்றுக்குப் போட்ட பிரீசெட்டை, அதாவது ஒரே தட்டில் படத்தை மாற்றும் ஆயத்த செட்டிங்கை, நம் ஊர்க் கல்யாணப் படத்தில் போட்டால் மாநிற முகமெல்லாம் கேரட் நிறமாகிவிடும், பட்டுப்புடவையின் அரக்கு நிறம் ஆரஞ்சாகும். பிரீசெட் கட்டுகளுக்குக் காசு கொடுப்பது எனக்குப் புரியாத ஒரு பழக்கம்.

அதனால் சாஃப்ட்வேரை வாங்கும் முன் தரும் சோதனைக் காலத்தை உங்கள் படங்களைக்கொண்டே கழியுங்கள். ஏழு நாளோ முப்பது நாளோ, வேலை நெருக்கும் வாரத்தில் தொடங்கி வீணாக்காதீர்கள். நான் வைத்திருப்பது மூன்று படம். வெள்ளை வானத்துக்கு எதிரே வெள்ளை நாரை ஒன்று, அதில் இறகின் வரி மீள்கிறதா என்று பார்க்க. கோயில் மண்டபத்து இருட்டில் ஐஎஸ்ஓ 6400-ல் எடுத்தது இன்னொன்று, நாய்ஸ் எப்படி நீங்குகிறது என்று பார்க்க. மூன்றாவது ஆச்சியின் முகம், ஜன்னல் வெளிச்சத்தில். தோலின் நிறம் சரியாக வரவில்லை என்றால் மற்ற எந்த வசதியும் எனக்கு வேண்டாம்.

சோதிக்கும்போது திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு வெளிச்சத்தில் எடிட் செய்தால் பிரின்ட் இருட்டடித்து வரும், பழி சாஃப்ட்வேர் மேல் விழும். ஸ்டுடியோவில் ஒரு 4க்கு 6 பிரின்ட் போட்டுத் திரையோடு ஒப்பிட டீக்காசுதான் ஆகும். எக்ஸ்போர்ட் செய்யும் இடத்தில், பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு அளவுகோலில் விட்டால் சில திரைகளில் நிறம் செத்துத் தெரியும்.

இன்று என் லேப்டாப்பில் என்எக்ஸ் ஸ்டுடியோ, டார்க்டேபிள், அபூர்வமாக அஃபினிட்டி. மூன்றுக்கும் நான் கொடுத்தது பூஜ்யம். மிச்சமான பணம் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்காக மாறியது. டிசம்பர் கடைசியில் ஒரு வேலை செய்கிறேன்: அந்த வருஷத்தின் தேறிய 50 படங்களை எடிட் முடிந்த நிலையில் 16 பிட் டிஃப் (TIFF) ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்துவிடுவது. அநேகமாக எந்த ஃபோட்டோ சாஃப்ட்வேரிலும் திறக்கும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 144 எம்பி வரும். ஐம்பதும் சேர்ந்தால் ஏழு ஜிபிக்குக் கொஞ்சம் மேல், பழைய பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடுகிறது.