பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் குறைந்த செலவில் மீட்டெடுத்தல்: மாற்றுப் பாகங்களை எங்கே போடலாம், எங்கே கூடாது

கையிலுள்ள பணத்துக்குள் பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீண்டும் ஓட வைக்க நினைப்பவர், எல்லாப் பாகங்களும் அசலாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடலாம். ஆனால் எதை மாற்றினாலும், பாடியை வெட்டாமல், பின்னாளில் அசல் பாகத்தையே திரும்பப் பொருத்தும்படி மாற்ற வேண்டும். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

பணத்தின் பெரும்பகுதி பாடிக்கே போக வேண்டும். இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற சில்களே சுமையைத் தாங்குகின்றன. பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து மயங்காமல், ஒரு பக்கத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ, உள்ளே துரு அரித்திருக்கிறது என்று பொருள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைச் சில் நெடுகிலும் நகர்த்தினால், அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாகத் ஓட்டையை மறைக்கப் பூசிய தடித்த பட்டிதான் (பூச்சுப் பசை) இருக்கும். வெல்டிங் செய்யும்போது பாடியைச் சமமாகத் தாங்கி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி முட்டுக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கச் சில்லை மட்டுமே வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். அதை நிமிர்த்துவது மிகக் கடினம்.

மாற்றுப் பாகங்கள் உண்மையில் கைகொடுப்பது மின்சாரத்தில்தான். 1967 வரை வந்த கார்களில் டைனமோவும் (பழைய வகை மின்னாக்கி) பாசிட்டிவ் எர்த்தும் (பேட்டரியின் நேர்முனையைப் பாடியுடன் இணைக்கும் முறை) இருந்தன. பிற்காலத்துக் காரின் ஆல்டர்னேட்டரை (புதிய வகை மின்னாக்கி) போடுவதானால், முதலில் எதிர்முனையைப் பாடியுடன் இணைக்கும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் இணைப்புகளையும் மாற்ற வேண்டும். மின்னணு டாக்கோமீட்டர் (இன்ஜின் சுழல் வேகமானி) இருந்தால் அதையும் திருத்த வேண்டும். ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) சேர்த்தால் பழைய சுவிட்ச் சூடாகாது, வெளிச்சமும் கூடும்.

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவர்கள் ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியை, அதற்கென விற்கும் கிட்டுடன் பொருத்துவதுண்டு. ஆனால் உங்கள் காரில் ஓவர்டிரைவ் (அதிவேகத்தில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) நன்றாக வேலை செய்தால் அந்தச் செலவு தேவையில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்களையும் கழற்றி எறிய வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது அவற்றின் ஸ்பிண்டில் (உள்ளே சுழலும் சிறு அச்சு) மட்டும்தான்.

பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகியவற்றில் பழைய பாகம் எதுவும் கூடாது. புதிதாகத் தயாரான மாற்றுப் பாகம் போதும், ஆனால் புதிதாகவே இருக்க வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும் என்பதால், அதைத் தாங்கும் குழாய்களையே வாங்குங்கள். கழற்றிய அசல் பாகங்களை எண்ணெய் தடவி, சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளையும் சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் மறுபடி சரிபார்த்து இறுக்கிவிடுங்கள்.