அருவிக்குச் செல்லும் சிறு காட்டுநடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுப் பாதையில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தால் அருவி வந்துவிடும் என்னும்போது, பெரும்பாலோர் தொலைவை மட்டுமே கணக்கில் கொண்டு, பெரிய ஆயத்தம் எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் இத்தகைய பயணங்களில் பெரிய ஆபத்து நடையில் இல்லை. நடை முடிந்து தண்ணீரின் அருகே கழிக்கும் நேரத்தில் இருக்கிறது.

தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து மழை இல்லை என்று நம்புவதே மிகவும் கொடிய தவறு என்பேன். அருவியில் விழுவது, நம் கண்ணுக்கு எட்டாத மேல்மலைப் பரப்பில் பெய்த மழை. அங்கே கொட்டித் தீர்த்த மழை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காட்டாற்று வெள்ளமாக வந்து சேரக்கூடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், பைகளை எடுக்கக்கூட நில்லாமல் உயரமான கரைக்கு ஏறிவிட வேண்டும். விரைந்தோடும் வெள்ளம் 15 சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் வளர்ந்த ஒருவரின் காலை வாரிவிடும். ஆகவே, ஓடையைக் கடந்து சென்றவர்கள் நீர் பெருகிய பிறகு அதே வழியில் திரும்ப முயலாமல், வெள்ளம் வடியும்வரை அக்கரையிலேயே காத்திருக்க வேண்டும்.

அருவியடித் தடாகத்தின் ஆழத்தைக் கண்ணால் அளப்பது அடுத்த தவறு. ஒளி விலகலால், நேர் மேலிருந்து பார்க்கும்போது 4 மீட்டர் ஆழமுள்ள தெளிந்த நீர் 3 மீட்டர் ஆழம் போலத் தோன்றும். கலங்கிய நீரிலோ பாறை இருப்பதே தெரியாது. வெள்ளம் ஒவ்வொரு முறையும் கற்களையும் மரக்கட்டைகளையும் இடம் மாற்றுவதால், சென்ற ஆண்டு குதித்த இடம் என்பது இந்த ஆண்டுக்கு உறுதியாகாது. நீர் விழும் இடத்துக்கு நேர்கீழே நுரை பொங்கும் பகுதியில் காற்றுக் குமிழிகள் கலந்திருப்பதால் மிதப்பு விசை குறைகிறது. கூடவே, விழும் நீர் ஆளை அடியில் அழுத்தி, மேற்பரப்பு ஓட்டம் மீண்டும் அருவியை நோக்கியே இழுக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே திணறிப்போவதற்கு இதுவே காரணம். நீரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், திடீரென இறங்கும்போது மூச்சு தன்னிச்சையாகத் திணறி நீரை உள்ளிழுக்க நேரும் என்பதால், சிறிது சிறிதாகவே இறங்க வேண்டும்.

புகைப்படத்துக்காக அருவியின் உச்சி விளிம்புக்குப் போவதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அங்கே பாறை பாசி படிந்து வழவழப்பாக இருக்கும். சறுக்கினால் பற்றிக்கொள்ள எதுவும் இராது. உலர்ந்ததாகத் தோன்றும் பாறையிலும் மெல்லிய ஈரம் இருக்கலாம். அடிப்பகுதி தேய்ந்த காலணிகளைத் தவிர்த்து, ஈரப் பாறையில் பிடிப்புத் தரும் காலணிகளை அணிவது நல்லது.

நேரக் கணக்கிலும் ஒரு பிழை நேர்கிறது. அருவிகள் பெரும்பாலும் பள்ளத்தில் இருப்பதால், போகும்போது இறக்கமாக இருந்த பாதை, களைத்துத் திரும்பும்போது ஏற்றமாகிவிடுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் என்றும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்றும் 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி நல்ல உடல்வலிமை உள்ளவர்களுக்கானது. குழந்தைகளோடு செல்வோர் அதைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் வெளியிடத்தைவிட முன்னதாகவே இருள் சூழ்ந்துவிடும் என்பதால், திரும்ப வேண்டிய நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்து, ஒரு கைவிளக்கையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், ஒரு நிமிடம் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது. சோப்பும் ஷாம்பும் ஓடையில் கலக்கவே கூடாது; அவை மீன்களையும் தவளைகளையும் பாதிக்கின்றன. பள்ளத்தாக்கில் கைபேசி அலைவரிசை பெரும்பாலும் கிடைக்காது என்பதால், எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.