விஎம்மில் ஓடும் மெயில் சர்வர் மந்தமானால் முதலில் எங்கே பார்ப்பது

மெயில் சர்வர் இழுக்கிறது என்று புகார் வந்ததும் விஎம்முக்கு (ஹோஸ்ட் என்ற நிஜக் கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) இன்னும் இரண்டு சிபியு கூட்டிவிடுவதுதான் பலருடைய முதல் வேலை. கொஞ்சம் பொறுங்கள். ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் என்றால் நேரம் எங்கே போகிறது என்பதை அதுவே லாகில் எழுதி வைக்கிறது. டெலிவரி வரியில் 'டிலேஸ்=' என்பதற்குப் பிறகு 14/0.02/0.3/0.5 என்பதுபோல நாலு எண்கள் இருக்கும், எல்லாம் விநாடிகள். முதலாவது மெயில் வந்ததிலிருந்து ஆக்டிவ் கியூவுக்குள் (உடனே அனுப்பவேண்டியவற்றின் வரிசை) போகும்வரை, இரண்டாவது அங்கே காத்திருந்தது, மூன்றாவது டிஎன்எஸ் பார்த்து எதிர் சர்வரோடு கனெக்‌ஷன் போட்டது, நான்காவது மெயிலை அனுப்பியது. டிஃபர் ஆகி, அதாவது முதலில் போகாமல் தள்ளிவைக்கப்பட்டு, திரும்ப முயன்ற மெயில்களில் முதல் எண் எப்படியும் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

புது மெயில்களிலேயே முதல் எண் பெரிதாக இருந்தால் நான் சந்தேகப்படுவது டிஸ்க்கைத்தான். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு மெயிலையும் டிஸ்க்கில் உறுதியாக எழுதிய பிறகுதான் 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லும், அந்த டிஸ்க்கையோ அதே ஹோஸ்டில் இருக்கும் மற்ற விஎம்களும் சேர்ந்து போட்டு அடித்துக்கொண்டிருக்கும். ஐஓஸ்டாட் கட்டளையில் எழுதுவதற்கான அவெய்ட் எண் (ஒவ்வொரு எழுத்து வேலையும் முடிய ஆகும் சராசரி நேரம்) பல பத்து மில்லிவிநாடிகளிலேயே நின்றால் ஹோஸ்டைப் பார்ப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழைய ஸ்னாப்ஷாட் (விஎம்மின் ஒரு கட்டத்து நிலையைச் சேமித்தது) ஏதாவது அழிக்காமல் கிடக்கிறதா, டிஸ்க் இன்னும் ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பிலேயே மாட்டியிருக்கிறதா. விஎம்களை ஓட்டுவது லினக்ஸின் கேவிஎம் என்றால், விஎம்களுக்கென்றே செய்த விர்ட்ஐஓ இணைப்புக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அப்புறம் 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண், விஎம் சிபியு கேட்டும் ஹோஸ்ட் தராமல் போன நேரத்தின் சதவீதம். அது 10, 20 என்று ஏறினால் ஹோஸ்டில் சிபியுவுக்கு அடிதடி என்று அர்த்தம், இந்த நிலையில் நீங்கள் சிபியு கூட்டுவதால் ஒன்றும் தீராது. விஎம்வேரில் இது பெரும்பாலும் பூஜ்யமாகவே காட்டும், அங்கே 'சிபியு ரெடி' (சிபியுவுக்காகக் காத்திருந்த நேரம்) கணக்கை ஹோஸ்ட் பக்கம்தான் பார்க்க முடியும்.

மூன்றாவது எண் பெரிதா? எல்லா டொமைனுக்கும் அப்படி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயருக்கு முகவரி தேடும் வேலை. அதுதான் காரணம் என்றால் விஎம்முக்குள்ளேயே ஒரு அன்பவுண்ட் (டிஎன்எஸ் தேடித்தரும் மென்பொருள்) போட்டுவிடுங்கள். டிஎன்எஸ் வேகமாக இருந்தால் நெட்வொர்க்கைப் பாருங்கள்.

நான்காவது எண் பெரிதாகி, போகுமிடம் 127.0.0.1 (இதே விஎம்) என்று இருந்தால் அது பெரும்பாலும் ஸ்பேம், வைரஸ் ஃபில்டர். கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் வைரஸ் பட்டியலை மெமரியில் ஏற்றவே ஒரு ஜிபிக்கு மேல் தின்னும், பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதையும் புதியதையும் ஒன்றாக வைத்துக்கொள்வதால் ஏறக்குறைய இரட்டிப்பாகும், இரண்டு ஜிபி விஎம் என்றால் நேரே ஸ்வாப்தான் (ராம் போதாமல் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்துவது). விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்புக்குள் வருவதும் போவதுமான 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் துள்ளினால் இங்கே மட்டும் தயங்காமல் ராம் கூட்டுங்கள்.

சரி செய்த கையோடு முழுக் கியூவையும் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் (உடனே அனுப்பச் சொல்வது) செய்யாதீர்கள். தேங்கிய மெயில் எல்லாம் ஒரே நேரத்தில் பாய்ந்து, இப்போதுதான் மூச்சு விட்ட டிஸ்க்கை மறுபடி அமுக்கிவிடும்.