போர்களிலிருந்து பாடம் எடுப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர் வட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் பகுதி நூலகங்களை ஒட்டி நடக்கும் வாசகர் வட்டங்களில் உலக வரலாறு பேசப்படும்போது, ஒருவர் போரின் கதையைச் சொல்வார், இன்னொருவர் ஆண்டுகளைத் திருத்துவார், கடைசியில் “ஒற்றுமை இல்லாததால் தோற்றார்கள்” என்றோ “அந்நியச் சதியால் வீழ்ந்தார்கள்” என்றோ எந்தப் போருக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தோடு கூட்டம் கலைந்துவிடும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஆண்டுகளாவது மிஞ்சும். மற்றவர்களுக்கு அதுவும் மிஞ்சாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1965 வரையிலான இருபது ஆண்டுகளின் போர்களையும் கிளர்ச்சிகளையும் ஆட்சிக் கவிழ்ப்புகளையும் வேறு விதமாக வாசிக்கும் முறை ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

அந்தக் காலத்துப் பெரும் தோல்விகளில் பல அறியாமையால் வந்தவை அல்ல. முந்தைய ஒரு வெற்றியிலிருந்து கற்ற பாடத்தை, அது எந்த நிபந்தனையில் பலித்தது என்று பாராமல், இன்னோர் இடத்தில் போட்டுப் பார்த்ததால் வந்தவை. ஆகவே நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுக்காமல், இரண்டாவது நிகழ்வில் முடிவெடுத்தவர்கள் முதலாவதை மனத்தில் வைத்திருந்தார்கள் என்று தெரிகிற இரட்டைகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நீள நோட்டுப் போதும். இடப்பக்கத்தில் முதல் நிகழ்வு, வலப்பக்கத்தில் இரண்டாவது. இரண்டுக்கும் கீழே நான்கு விரற்கடை இடத்தை வெறுமையாக விட்டு வையுங்கள். அது நிபந்தனைகளுக்கான இடம், கடைசியில்தான் நிரப்ப வேண்டும்.

தொடங்குவதற்கு மிக நல்ல இரட்டை குவாத்தமாலாவும் கியூபாவும். 1954 ஜூன் 18 அன்று காஸ்தியோ அர்மாஸ் என்பவர், அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ திரட்டிக் கொடுத்த, 500 பேருக்கும் குறைவான படையோடு குவாத்தமாலாவுக்குள் நுழைந்தார். களத்தில் அந்தப் படை சாதித்தது சொற்பம். ஆனால் ரகசிய வானொலி ஒன்று பெரும்படை தலைநகரை நெருங்குவதாக ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. சில விமானங்கள் நகரின் மேல் பறந்து குண்டு வீசின. நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து அமெரிக்கப் பழ நிறுவனத்தின் பகையைச் சம்பாதித்திருந்த அதிபர் அர்பென்ஸ் ஜூன் 27 அன்று பதவி விலகினார். அவரை வீழ்த்தியது அந்தச் சிறு படையா, வானொலியா என்று வட்டத்தில் கேளுங்கள், இரண்டையும் சொல்லுவார்கள். உண்மையில் தீர்மானித்தது அவருடைய சொந்த இராணுவம். இவர்களை முறியடித்தால் அமெரிக்காவே நேரில் இறங்கிவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள், அவருக்காகப் போரிட மறுத்துவிட்டார்கள்.

இப்போது வலப்பக்கத்துக்கு வாருங்கள். 1961 ஏப்ரல் 17 அன்று, காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, சிஐஏ பயிற்றுவித்த ஏறக்குறைய 1,400 கியூப அகதிகள் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் இறங்கினார்கள். திட்டமிட்டவர்களில் சிலர் குவாத்தமாலாவில் வேலை செய்த அதே அதிகாரிகள். கரையிறங்கினாலே ஆட்சி ஆட்டம் காணும் என்ற எதிர்பார்ப்பும் அங்கிருந்து வந்ததுதான். மூன்று நாட்களுக்குள் எல்லாம் முடிந்தது, 1,100 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி இரண்டாவது விமானத் தாக்குதலை நிறுத்தியதே காரணம் என்று சொல்வோர் உண்டு. அது ஒரு காரணம்தான், ஆனால் அதற்கும் முன்பே நிலைமை மாறிவிட்டிருந்தது. 1954-இல் குவாத்தமாலா நகரத்தில் இருந்து, அந்த வீழ்ச்சியை நேரில் பார்த்தவர், பின்னாளில் காஸ்ட்ரோவோடு கியூபப் புரட்சியை நடத்திய சே குவேரா. புரட்சிக்குப் பின் கியூபாவில் பழைய இராணுவம் கலைக்கப்பட்டது. ஆட்சியைக் கைவிடக்கூடிய அதிகாரிகள் கூட்டம் என்று ஒன்றே அங்கு மிஞ்சவில்லை. ஒரே நிகழ்விலிருந்து வென்றவர்களும் தோற்ற பக்கத்தைச் சேர்ந்தவர்களும் பாடம் கற்றார்கள், தோற்ற பக்கம் சரியாகக் கற்றது. கீழே விட்டு வைத்த இடத்தில் இனி எழுதலாம்: “சிறு படையும் வானொலியும் போதும், தாக்கப்படும் அரசின் இராணுவம் அந்த அரசோடு ஒட்டாமல் இருந்தால்.” இந்த “இருந்தால்” இல்லாத பாடம் எதையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது இரட்டை வியட்நாமின் நா சான், தியன் பியன் பூ. 1952-இன் கடைசியில் நா சான் என்னுமிடத்தில் விமானத் தளம் ஒன்றைச் சுற்றி அரண் அமைத்திருந்த பிரெஞ்சுப் படை, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட வியட்நாமியத் தளபதி கியாப்பின் அலை அலையான தாக்குதல்களை முறியடித்தது. அதே உத்தியைப் பெரிய அளவில் செய்யலாம் என்று தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். நா சானில் சுற்றியிருந்த குன்றுகளில் பிரெஞ்சுக்காரர்கள் காவல் நிலைகள் வைத்திருந்தார்கள். இங்கே சுற்றுமலைகள் எதிரியிடம் இருந்தன. கியாப்போ 1954 ஜனவரியில் திட்டமிட்டிருந்த விரைவுத் தாக்குதலைக் கடைசி நேரத்தில் கைவிட்டு, பீரங்கிகளை மலைச்சரிவுகளில் குடைந்து பதிக்க ஒன்றரை மாதம் செலவிட்டார். மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. எதிரியின் பீரங்கிகளை அடக்கிவிடுவேன் என்று உறுதி கூறியிருந்த பிரெஞ்சுப் பீரங்கிப் படைத் தலைவர் பிரோத், தொடங்கிய ஓரிரு நாட்களிலேயே கையெறி குண்டால் தற்கொலை செய்துகொண்டார். மே 7 அன்று தளம் வீழ்ந்தது. இதை வரைபடத்தில் காட்டினால் இளைஞர்களுக்கு உறைப்பதில்லை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அவர்களை அழைத்துப் போய், மேலிருந்து பழையபேட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். கூரைகளும் தெருக்களும் எவ்வளவு திறந்து கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது இரட்டை மலாயாவும் (இன்றைய மேற்கு மலேசியா) தென் வியட்நாமும். இது தமிழர்களுக்கு நெருக்கமானது என்பதால் அதற்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கலாம். 1948-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் நெருக்கடி நிலை அறிவித்த பிரிட்டிஷ் அரசு, 1950 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலியிட்ட புதுக் கிராமங்களில் குடியேற்றியது. ரப்பர் தோட்டங்களில் நம்மவர்கள் வாழ்ந்த குடியிருப்புகளும் வேலிக்குள் வந்தன. கடைக்காரர் தகர உணவு டப்பாவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. துளையிட்ட டப்பாவைக் காட்டில் இருக்கும் கெரில்லாவுக்குச் சேர்த்துவைத்து அனுப்ப முடியாது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டதும் இந்தக் காலத்தில்தான். கிளர்ச்சி ஒடுங்கியது. அந்த முறையைத் தென் வியட்நாம் 1962-இல் உத்திசார் கிராமங்கள் (Strategic Hamlets) என்ற பெயரில் எடுத்துக்கொண்டது, மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சனே ஆலோசகர். மூதாதையர் சமாதி இருக்கும் நிலத்தை விட்டு உழவர்களைப் பெயர்த்ததால் அரசின் மீது வெறுப்புத்தான் வளர்ந்தது. கெரில்லாக்களும் அதே ஊர்க்காரர்களாக இருந்ததால் வேலி யாரையும் பிரிக்கவில்லை. மலாயாவில் கிளர்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒரே சமூகத்தவர் என்பதும், 1957-இல் சுதந்திரமே வந்து அவர்கள் முன்வைத்த காரணத்தைப் பறித்துக்கொண்டது என்பதும் நிபந்தனை வரிசையில் சேர வேண்டியவை.

ஆட்சிக் கவிழ்ப்புகளை எழுதும்போது மட்டும் ஆண்டு, மாதம் போதாது. நாள் வாரியாக, முடிந்தால் மணி வாரியாக எழுத வேண்டும். “1953 ஆகஸ்ட், ஈரானில் பிரதமர் மொசாடெக் கவிழ்க்கப்பட்டார்” என்று எழுதினால், 15-ஆம் தேதி இரவு நடந்த முதல் முயற்சி தோற்றதும், மன்னர் ஷா நாட்டை விட்டு ஓடியதும், 19-ஆம் தேதி தெருக் கூட்டமும் படைப் பிரிவுகளும் வானொலி நிலையமும் கைமாறிய பிறகே அது வென்றதும் மறைந்துவிடும். 1961 ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸில் நான்கு பிரெஞ்சுத் தளபதிகள் செய்த கலகம், பிரெஞ்சு அதிபர் டிகாலின் உரையைக் கட்டாய இராணுவச் சேவையில் இருந்த சிப்பாய்கள் டிரான்சிஸ்டரில் கேட்டதும் கரைந்தது. வானொலி நிலையத்தைப் பிடிப்பவன் நாட்டைப் பிடிப்பான் என்ற அக்காலத்துப் பாடத்தைச் சிப்பாயின் சட்டைப்பை வானொலி பழசாக்கிவிட்டது.

ஆண்டுகளை மனத்தில் பதிய வைக்க நம் ஊர்த் தேதிகளோடு கோத்துக்கொள்ளலாம். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று பிறந்தது. பாகிஸ்தானுடனான போர் நிறுத்தப்பட்டு ஒன்பது நாட்களே ஆகியிருந்தன. மாவட்டம் பிறந்ததற்கு முதல் நாள், அக்டோபர் 1 விடியலில், இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் ஆறு தளபதிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். கடத்தியவர்களின் பட்டியலில் பெயர் இல்லாத தளபதி சுகார்த்தோ அன்று மாலைக்குள் வானொலி நிலையத்தை மீட்டார். அடுத்த மாதங்களில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டதாகப் பெரும்பாலான மதிப்பீடுகள் சொல்கின்றன. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962 செப்டம்பரில் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கேட்டார். அடுத்த மாதமே கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பன்றிகள் விரிகுடாப் பக்கத்தின் ஓரத்தில் இதை எழுதிக்கொள்ளலாம்.

தரவுகளுக்குப் பெரிய செலவு இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணத் தொகுதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஈரான் கவிழ்ப்பு பற்றிய தொகுதி 2017-இல்தான் வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அக்காலத் தமிழ் இதழ்கள் பல கிடைக்கின்றன. முதலில் இதழ்களைப் படித்து, அன்றைய வாசகருக்கு என்ன தெரிந்திருந்தது என்று குறித்த பிறகே ஆவணங்களைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், முடிவு தெரிந்த கண்ணோடு எல்லாவற்றையும் படித்துவிடுவோம்.

நம் கிராமங்களில் 1965, 1971 போர்களில் இருந்த முன்னாள் இராணுவத்தினர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்தால் “போர் எப்படி இருந்தது ஐயா?” என்று கேட்காதீர்கள், மேடைப் பேச்சுத்தான் வரும். “உங்கள் பிரிவுக்கு முந்தைய சண்டையிலிருந்து என்ன சொல்லிக் கொடுத்தார்கள், அது அங்கே செல்லுபடியானதா?” என்று கேளுங்கள். அவர் சொல்வது புத்தகத்தோடு முரண்பட்டால் கூட்டத்தில் வைத்துத் திருத்த வேண்டாம். இரண்டையும் தேதியிட்டு அடுத்தடுத்த வரியில் எழுதி, எந்த இடத்தில், எந்தப் பதவியில் இருந்து அவர் பார்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.