ஊட்டிக் குளிரில் நூறு பேருக்குச் சமையல்

கீழ்நாட்டில் சமைத்துப் பழகிய கை மலைக்கு வந்தால் முதலில் ஏமாறுவது பருப்பில்தான். நானும் ஏமாந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், நாத்தனார் மகன் காதுகுத்துக்குச் சாம்பார் என் பொறுப்பு. ஒரு மணி நேரம் கொதித்தும் துவரம்பருப்பு முத்து முத்தாகக் கிடக்கிறது, முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. ரசத்தை வைத்து ஒப்பேற்றினோம். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எத்தனை விறகைத் தள்ளினாலும் அதற்குமேல் சூடு ஏறாது, விறகுதான் வீண்.

அதனால் நூறு பேருக்கு 3 கிலோ பருப்பென்றால், வெந்நீரில் இரண்டு மணி நேரமாவது ஊறட்டும். பெரிய குக்கர் கிடைத்தால் இரண்டு தடவையாகப் பிரித்து, வழக்கத்தைவிட மூன்று நான்கு விசில் கூடுதலாக விடுங்கள். அண்டாவில்தான் என்றால் மஞ்சள்தூள், ஒரு கரண்டி எண்ணெய் மட்டும். ஒரு பருப்பை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. அது மறைந்த பிறகுதான் புளி. முன்னாலேயே ஊற்றினால் அந்தப் பருப்பு பிறகு லேசில் மசியாது. நடுவில் தண்ணீர் சேர்க்க வேண்டியிருந்தால் வெந்நீர்தான். பக்கத்து அடுப்பில் ஒரு தவலை எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கட்டும்.

அரிசி கணக்குக்கு 10 கிலோ. குளிரில் பசி எடுக்கும், நான் 11 போடுவேன். அரை மணி ஊறவைத்து, இரண்டு அண்டாவாக வடியுங்கள். இரண்டாவது அண்டாவை முதல் பந்தி உட்காரும்போது இறக்கினால் போதும். வடித்த சோற்றின்மேல் துணி போட்டு, சாக்கால் சுற்றி, தணல்மேல் வைக்கவும். இல்லாவிட்டால் பரிமாறுவதற்குள் ஆறிவிடும்.

காய்க்குக் கவலையில்லை. கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் வாசலுக்கே வரும். பொரியலுக்கு 8 கிலோ. வாழையிலைதான் கீழேயிருந்து வரவேண்டும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தயிர்? முதல் நாள் மதியமே உறை ஊற்றுங்கள், சாயங்காலம் வரை தள்ளாதீர்கள். பால் கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும், உறையும் தாராளமாக. கம்பளி சுற்றி அடுப்படியில் வைத்தால் காலையில் உறைந்திருக்கும். தேங்காயெண்ணெய் டின்னையும் அங்கேயே வையுங்கள், இல்லாவிட்டால் குளிரில் கட்டியாகியிருக்கும்.

கேஸ் என்றால் 19 கிலோ சிலிண்டர் இரண்டு வேண்டும். பெரிய அடுப்பு தொடர்ந்து எரிந்தால் குளிரில் சிலிண்டர் உடம்பில் பனி பூத்து, தீ சுருங்கிவிடும். உள்ளே கேஸ் இருக்கும், வராது. மாற்றி மாற்றிப் போடுங்கள். என்னைக் கேட்டால் காய்ந்த சீகை விறகுக்கு ஈடில்லை. மழைக்காலத்தில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

அப்புறம், ரசம். கீழே இலையில் ஊற்றுவார்கள், இங்கே டம்ளரில் கேட்பார்கள். ஆளுக்கு இரண்டு கரண்டி கூடுதலாகவே வையுங்கள்.