மூடுபனியும் காயாத வண்ணமும்

மூன்று மாதமாக ஒரு படமும் உருப்படவில்லை. தொட்டபெட்டா, கோடநாடு என்று காட்சிமுனை காட்சிமுனையாக அலைந்தேன். வந்ததெல்லாம் காலண்டர் படம். போதாக்குறைக்கு கோத்தகிரி ஈரத்தில் வாட்டர்கலர் லேசில் காயாது. மலைக்குப் பூசிய நீலம் வானத்துக்குள் ஒழுகும்.

ஒரு ஜூலை சாயங்காலம், வெறுத்துப்போய்த் தாளைச் சமையலறையில் போட்டுவிட்டு டீ வைத்தேன். திரும்பிப் பார்த்தால், ஒழுகிய நீலம் அப்படியே ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மூடுபனி!

அப்புறம் எங்கும் போகவில்லை. கொல்லைத் தேயிலை, நாலு சில்வர் ஓக், அவ்வளவுதான். 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாளை இருபக்கமும் நனைத்துப் பலகையில் ஒட்டுவேன். தூரத்து மரங்களை ஈரத்திலேயே தொட்டுவிடுவேன். தாளின் மினுமினுப்பு அடங்கியதும் அடுத்த வரிசை. கிட்டத்துச் செடிக்கு மட்டும் அடுப்பருகே நன்றாகக் காயவைத்து, கெட்டி வண்ணம்.

நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர் ஓவியர்கள் வேங்கை மரப் பிசினால் வரைவதும் தேனெடுப்பு மாதிரி தங்கள் சொந்தப் பிழைப்பைத்தானே! எனக்குத்தான் புரிய இத்தனை நாள்.

நேற்று மனைவி கேட்டாள்: "மரத்தடியில் யாருங்க அது?"

யாருமில்லை. கொழுந்துக்கூடையோடு ஒரு பாட்டியை நானாக நிறுத்தி வைத்தேன்.