பணம் போகத்துக்கு, தவணை வாரத்துக்கு: கடனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்டாவில் கடன் என்று பேச்செடுத்தாலே வருமானம் போதவில்லை என்றுதான் சொல்வோம். பல வீடுகளில் அது உண்மைதான். ஆனால் பணம் வருகிற நாளும் பணம் கேட்கிற நாளும் ஒத்துப்போகாததும் அதே அளவுக்கு ஆளை அமுக்குகிறது. குறுவையை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் போட்டால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு காசு. சம்பாவுக்குத் தை, மாசியில் ஒரு காசு. பெண்கள் குழுவாகச் சேர்ந்து மைக்ரோ பைனான்ஸில் வாங்கும் குழுக்கடனின் வசூலோ வாராவாரம். நிலமில்லாத கூலி வீடுகளுக்கு இன்னும் மோசம், நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே வேலையே இல்லாத வாரத்திலும் தவணை நிற்காது.

அதனால் மாதச் சம்பளக்காரர் போடுகிற பட்ஜெட்டை நாமும் அப்படியே போடுவதுதான் முதல் தவறு. ஒரு நோட்டில் ஆடி முதல் ஆனி வரை எழுதுங்கள். நடவுக் கூலி, உரம், தீபாவளி, பள்ளிக் கட்டணம், மொய் எல்லாம் எந்த மாதத்தில் விழும் என்று குறித்துக்கொண்டு, நெல் பணம் கணக்கில் ஏறிய அன்றே அடுத்த அறுவடை வரைக்குமான தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்த வாரத்தில்தான் புது பைக்குக்கு முன்பணம் கட்டத் தோன்றும்.

அப்புறம் இந்த 'மூணு வட்டி'. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்தானே என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். லட்ச ரூபாய்க்கு வருடத்தில் 36,000 ரூபாய் போகும், அசல் அப்படியே நிற்கும். கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை, தேதி தவறினால் அந்தச் சலுகை போய்விடும். அதை நழுவவிட்டு மூணு வட்டிக்குப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நகைக்கடனிலும் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போனால் நகை வீடு திரும்பாது.

பெரிய தவறு ஒளிப்பது. மனைவி வாங்கிய குழுக்கடன் கணவருக்குத் தெரியாது, கணவரின் உரக்கடை பாக்கி மனைவிக்குத் தெரியாது, இரண்டு பேருமே கைமாற்றை மகனிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்படி இருந்தால் எந்த ஆலோசகராலும் உதவ முடியாது. உட்கார்ந்து ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, எதை அடகு வைத்து.

அந்தத் தாளோடு, ஏல நோட்டீஸ் வந்த பிறகு அல்ல, இரண்டு தவணை இடிக்கும்போதே நிதி எழுத்தறிவு மையத்துக்குப் போங்கள். உங்கள் மாவட்ட முன்னோடி வங்கியில் (லீட் பேங்க்) கேட்டால் எங்கே இருக்கிறது என்று சொல்வார்கள், ஆலோசனைக்குக் காசு இல்லை. 'கடனை முடித்துத் தருகிறோம்' என்று கமிஷன் கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். பாதித் தொகையில் முடித்தால் நாம் கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது பதிவாகும், அடுத்த வங்கிக்கடன் கேட்கும்போது இடிக்கும்.

வசூலுக்கு வருகிறவர் மிரட்டினால் பயந்து இன்னொரு கடன் வாங்கி அடைக்காதீர்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொடர்புகொள்ளக் கூடாது, வீட்டின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் தரவும் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழிமுறை கேட்க 14448. தனியார் கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.